சாங்கி முதல் தேக்கா வரை: தெருவுணவில் வாழும் தமிழ்ச் சொற்கள்

ஓர் ஊரை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளையும் கோயில்களையும் கண்டு திரும்பினால் மட்டும் போதாது. அவ்வூரார் காலையில் என்ன உண்கின்றனர், அதனை எந்தச் சொல்லால் கேட்டு வாங்குகின்றனர் என்பதையும் அறிதல் வேண்டும். சிங்கப்பூருக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். அங்கே உணவுப் பெயர்களே வரலாற்று ஏடுகளாக விளங்குகின்றன. அவ்வேடுகள் பலவற்றில் தமிழின் கையெழுத்தும் காணப்படுகிறது.

சிங்கப்பூருக்கு வருவோரிற் பெரும்பாலோர் முதலிற் கால் வைக்கும் இடம் சாங்கி. 1981ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வானூர்தி நிலையம் அங்கேதான் உள்ளது. இறங்கியவுடன் பலரும் நகரை நோக்கி விரைவர். ஆயின் நிலையத்திற்கு வடக்கே சிறிது தொலைவில், கடலோரமாக, சாங்கி வில்லேஜ் என்னும் பழைய குடியிருப்பு உண்டு. பூலாவ் உபின் தீவுக்குச் செல்லும் சிறு படகுகள் புறப்படும் துறையும், ஓர் இராமர் கோயிலும், ஓர் உணவங்காடி நிலையமும் அங்கே அமைந்துள்ளன. அந்நிலையத்தில் 'நாசி லெமாக்' வாங்க மக்கள் வரிசையில் நிற்பர். மலாய் மொழியில் 'நாசி' என்பது சோறு. 'லெமாக்' என்பது கொழுப்பு. தேங்காய்ப்பாலில் வெந்த சோறும், பொரித்த நெத்திலியும், வெள்ளரித் துண்டும், காரமான சம்பாலும் சேர்ந்ததே அவ்வுணவு. தேங்காய்ப்பாற் சோற்றை அறிந்த தமிழருக்கு அதன் சுவை அயலானதன்று.

இன்று கூரையின்கீழ் நடைபெறும் இவ்வணிகம் ஒருகாலத்தில் தெருவில் நடந்தது. தலைச்சுமையாகவும், காவடியாகவும், தள்ளுவண்டியிலும் உணவு விற்றோர் பல்லாயிரவர். குழாய் நீரும் கழிவுநீர் வசதியும் இன்றி அவர்கள் தொழில் நடத்தியதால் நோய் பரவும் அச்சம் இருந்தது, தெருக்களும் அடைபட்டன. 1968, 1969ஆம் ஆண்டுகளில் அரசு அவர்களைப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை, நீரும் மின்சாரமும் உள்ள உணவங்காடி நிலையங்களைக் கட்டி அவர்களைக் குடியேற்றியது. இன்று அத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் சிங்கப்பூரின் அங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

சாங்கியிலிருந்து நகருக்குள் சென்றால், சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் நிற்பது தேக்கா நிலையம். இப்பெயரைக் கேட்டதும் தேக்கு மரத்தை நினைப்போர் உளர். அது பொருந்தாது. 'சிறுமூங்கிலின் அடி' என்று பொருள்படும் ஹொக்கியன் சீனத் தொடரின் சுருக்கமே தேக்கா. முன்னாளில் அங்கிருந்த ஓடையின் கரையில் மூங்கில் வளர்ந்திருந்தது. மலாய்க்காரர் அவ்விடத்தைக் 'கண்டாங் கெர்பாவ்' என்றனர். எருமைத் தொழுவம் என்பது பொருள். கால்நடை வணிகத்தில் ஈடுபட்ட இந்தியர் பலர் அப்பகுதியில் வாழ்ந்தனர். 1915இல் அங்கே சந்தை எழுந்தது. 1982இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது அதே சீனத் தொடரின் மாண்டரின் ஒலிப்பான 'சூஜியாவ்' என்பதே பெயராயிற்று. மக்கள் நாவில் அது நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் 'தேக்கா' என்னும் பெயரே மீண்டும் சூட்டப்பெற்றது. பலகையில் எழுதப்படும் சொல்லைவிட வாயில் வழங்கும் சொல்லுக்கு வலிமை மிகுதி என்பதற்கு இது நல்ல சான்று.

இனி உணவுப் பெயர்களைக் காண்போம். மலாயில் கடைக்குக் 'கெடாய்' என்று பெயர். அது நம் 'கடை'யே. 'காரி' நம் கறி. 'அப்பாம்' நம் அப்பம். 'தைரு' நம் தயிர். இவை தமிழ் கொடுத்த சொற்கள். கொடுத்த சொல் உருமாறித் திரும்பி வருவதும் உண்டு. நம் இடியாப்பம் அங்கே 'புத்து மாயாம்' எனப்படுகிறது. முற்பகுதி நம் புட்டு. பிற்பகுதியோடு ஒப்பிடத்தக்கது, தென்னை, கமுகு ஆகியவற்றின் பாளைப் பூவைக் குறிக்கும் 'மாயாங்' என்னும் மலாய்ச் சொல். பூவின் இழைகளையும் இடியாப்பத்தின் இழைகளையும் நோக்குவோர்க்கு இவ்வொப்புமை விளங்கும்.

'மீ கோரெங்' என்பதை ஆராய்ந்தால் வேறொரு சுவை புலனாகும். 'மீ' சீனரின் மாவிழை, 'கோரெங்' மலாய், வறுத்தல் என்று பொருள். அதனைச் சிவக்க வறுத்துத் தருவோரோ பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். ஒரு தட்டில் மூன்று இனங்கள் கூடியுள்ளன. நம் பரோட்டா அங்கே 'ரொட்டி பிராட்டா'. உள்ளே ஒன்றும் வையாத பிராட்டாவைக் 'கோசோங்' என்பர். மலாயில் அதற்கு வெறுமை என்று பொருள்.

இவற்றுள் ஆசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டியது 'தே தாரேக்' என்னும் பெயர். 'தே' தென்சீனர் வழங்கிய சொல். நம் தேயிலை, தேநீர் ஆகியவற்றின் முதலெழுத்தும் அவ்வழி வந்ததே. 'தாரேக்' என்றால் இழுத்தல். கடைக்காரர் ஒரு குவளையை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தித் தேநீரை மாறிமாறி ஊற்றுகையில், அது கயிறுபோல் இழுபடுவதைக் கண்ட மலாய்மொழி அவ்வாறு பெயரிட்டது. அதே செயலைத் தமிழ் 'ஆற்றுதல்' என்றது. மலாய்ச் சொல் கையின் அசைவைக் காட்டுகிறது. தமிழ்ச் சொல் அச்செயலின் நோக்கத்தைக் காட்டுகிறது. தாய் குழந்தைக்குப் பால் ஆற்றுகிறாள். நண்பர் துயர் ஆற்றுகிறார். காலம் புண்ணை ஆற்றுகிறது. சூட்டைத் தணிக்கும் ஒரு சொல்லிலிருந்து இத்தனை பொருளும் கிளைத்துள்ளன. தேநீர்க் கடையில் நிற்கும் மாணவனுக்கு இதனைச் சொல்லிக் கொடுத்தால், அகராதியில் பல பக்கங்கள் அவனுக்குத் தாமே திறந்துகொள்ளும். 'தாரேக்' என்பதை மட்டும் அறிந்து 'ஆற்றுதல்' என்பதை அறியாது அவன் வளர்வானாயின், இழப்பு ஒரு சொல்லோடு நிற்காது.

இவ்வச்சத்திற்குக் காரணமின்றி இல்லை. தமிழ் சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று, பள்ளியிலும் பயிற்றப்படுகிறது. எனினும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேரே. அங்காடித் தொழிலும் முதியோர் கையிலேயே பெரிதும் உள்ளது. 'கச்சாங் பூத்தே' விற்ற தமிழர்களை எண்ணிப் பார்க்கலாம். கடலை, பட்டாணி, முறுக்கு ஆகியவற்றைத் தட்டில் அடுக்கித் தலையிற் சுமந்து, பள்ளி வாயிலிலும் படக்கொட்டகை வாயிலிலும் நின்று, பழைய காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் அளந்து கொடுத்தவர்கள் அவர்கள். 'கச்சாங்' பயறு, கடலை வகைகளுக்குரிய மலாய்ப் பெயர். யாழ்ப்பாணத்தார் நிலக்கடலையைக் 'கச்சான்' என்பதும் நினைக்கத்தக்கது. இன்று அவ்வணிகர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினரே. தொழில் மறைந்தால் அதனோடு இயைந்த சொற்களும் மறையும். மணலில் 'வறுத்தல்', எண்ணெயிற் 'பொரித்தல்' என்னும் வேறுபாட்டைக் காட்டக் கண்முன் ஆளிருக்காது.

இந்நிலையில் தமிழாசிரியர் செய்யத்தக்கது யாது? 'புத்து மாயாம்' என்னும் மாணவனைக் கண்டு முகஞ்சுளித்தல் கூடாது. அப்பெயர் பிழையன்று, பல இனத்தார் கூடி வாழ்ந்ததன் அடையாளம். அதனை ஏற்றுக்கொண்டு, அதன் அருகே 'இடியாப்பம்' என்பதையும் எழுதச் செய்தல் வேண்டும். மாணவரை ஒரு காலைப்பொழுது தேக்காவுக்கு அழைத்துச் சென்று, கண்ட உணவு, அங்காடிப் பெயர், தமிழ்ப் பெயர், செய்முறைக்குரிய வினைச்சொல் என நான்கு பகுதியாகக் குறித்துவரச் சொல்லலாம். பிசைதல், வீசுதல், கொத்துதல், பிழிதல், ஆற்றுதல் ஆகிய வினைகளை அவர்கள் கண்ணாற் கண்டு கற்பர். கற்றதைக் கொண்டு தமிழ்க் கடைக்காரரிடம் தமிழிலேயே கேட்டு வாங்கப் பழக்குதலும் வேண்டும்.

வகுப்பறையிற் கற்ற சொல் தேர்வு முடிந்ததும் மறக்கப்படலாம். பசித்த வேளையிற் கேட்டுப் பெற்ற உணவின் சொல் எளிதில் மறவாது.