தானாகவே சுத்தமாகும் பூனை லிட்டர் பாக்ஸ்: வாங்கும் முன் இதையெல்லாம் கவனிங்க!

வீட்டுக்குள்ளேயே பூனை வளர்ப்பவர்களுக்கு தினமும் இருக்கும் வேலை, லிட்டர் பாக்ஸை சுத்தம் செய்வது. அதை மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால், பல ஆயிரம் ரூபாய் கொடுக்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது ஆப் வசதியோ டிசைனோ இல்லை. பூனைக்கு அது பாதுகாப்பானதா என்பதுதான்.

எப்படி வேலை செய்கிறது?

பூனை உள்ளே போய்விட்டு வெளியே வந்ததை சென்சார் கண்டுபிடிக்கும். சில நிமிடங்கள் கழித்து மெஷின் இயங்கத் தொடங்கும். ஈரம் பட்ட மணல் கட்டியாக இறுகத்தான் இந்த இடைவெளி. ஒரு வகையில், சீப்பு போன்ற பகுதி கழிவை வாரி எடுக்கும். இன்னொரு வகையில், உருண்டையான தொட்டியே சுழன்று மணலைச் சலித்து, கட்டிகளை மட்டும் கீழே உள்ள டிராயரில் தள்ளும்.

ஆபத்து எங்கே?

தொட்டி சுழலும்போது பூனை தலையை உள்ளே விட்டால், மெஷின் அந்த நொடியே நிற்க வேண்டும். எடையை அறியும் சென்சார் மட்டும் இருந்தால் போதாது. குட்டிகளின் குறைந்த எடையை அது உணராமல் போகலாம். உதாரணத்துக்கு, லிட்டர் ரோபோ 4 மாடல் தானாக இயங்க, பூனை குறைந்தது 3 பவுண்டு, அதாவது சுமார் 1.4 கிலோ இருக்க வேண்டும் என்கிறது அதன் தயாரிப்பு நிறுவனம். குட்டி இருக்கும் வீட்டில் ஆட்டோ மோடை ஆஃப் செய்துவிட்டு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பட்டனை அழுத்துவதே நல்லது.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்க. மெஷின் சுழலும்போது சுருட்டிய டவலை வாசலில் நீட்டிப் பாருங்க. நிற்காமல் டவலை நசுக்கினால், யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்க. கையை மட்டும் விட்டுப் பார்க்காதீங்க!

மெஷின் மறைக்கும் அறிகுறி

ஆண் பூனைகளுக்கு சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். சிறுநீர்க் கட்டி இல்லாதது அல்லது மிகச் சிறிதாக இருப்பதுதான் பலருக்கும் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. கழிவு நேராக டிராயருக்குள் போய்விட்டால் இது கண்ணில் படாது. அதனால் தினமும் ஒரு முறை டிராயரைத் திறந்து பாருங்க. பூனை அடிக்கடி போய் முக்கியும் சிறுநீர் வராவிட்டால், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால், அது வெளியேறிய 1 முதல் 5 நாட்களில் தொற்றும் நிலைக்கு வரும். டிராயரில் கழிவு பல நாள் தேங்கும் என்பதால், கர்ப்பிணிகள் அதைக் காலி செய்யக் கூடாது. வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

வாங்கும் முன் செக் லிஸ்ட்

* பூனை உள்ளே தாராளமாகத் திரும்ப இடம் இருக்கிறதா?
* எந்த மணல் போடலாம்? பல மாடல்களுக்கு கட்டியாகும் மணல்தான் ஒத்துவரும்.
* பை, ஃபில்டர், டிரே என மாதாமாதம் என்ன செலவு?
* பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும்?
* சர்வீஸும் உதிரி பாகங்களும் கிடைக்குமா?

புது மெஷின் வந்த அன்றே பழைய பாக்ஸை எடுத்துவிடாதீங்க. முதல் சில நாட்கள் மெஷினை ஆஃப் செய்தே வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விடுங்க. சத்தத்துக்குப் பயந்த பூனை, அடுத்து தேடும் இடம் உங்க சோபாவாகவும் இருக்கலாம்!