பாட்டியின் பொம்மை பிரெஞ்சுக்காரியா?

தோட்டத்துத் துரை வீட்டில் ஆயாவாக இருந்த என் பாட்டிக்குத் துரைசாணி கொடுத்துவிட்டுப் போன பீங்கான் பொம்மை, சிம்பாங் பூலாய் வீட்டு அலமாரியில் இருக்கிறது. "பிரெஞ்சு பொம்மை, வித்தா கூரையையே மாத்திடலாம்" என்பார் மாமா.

போன வாரம் அதன் பொய்முடியை ஒதுக்கிப் பார்த்தேன். செய்தவரின் முத்திரை பின்தலையில்தான் இருக்கும். ஜுமோ, ப்ரூ என்றிருந்தால் விலை எகிறும். இவர்களும் சேர்ந்து 1899-இல் தொடங்கிய கூட்டு நிறுவனம் என்றால் 'எஸ்.எஃப்.பி.ஜே.'. எங்களுடையதில் 'அர்மாண்ட் மார்செய், 390'. வானொலியில் வெளிநாட்டுப் பெயர்களை உச்சரித்துப் பழகிய எனக்கும் அது பிரெஞ்சாகத்தான் ஒலித்தது. தேடிப் பார்த்தால், அவர் தொழிற்சாலை ஜெர்மனியில்! 390 அங்கு ஏராளமாக வார்த்த அச்சு; விலையும் குறைவு.

மாமா முகம் சுருங்கியது. பாட்டி மட்டும், "அப்போ விக்க மாட்டீங்கதானே?" என்றார்.