அப்பாவுக்குக் கல், மகனுக்கு மயக்கம்

மே மாத வெயிலில் நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்ப்பவருக்குச் சிறுநீரகத்தில் கல் என்றால் யாரும் அதிசயப்படமாட்டார்கள். வியர்வை அதிகம், குடிக்கிற தண்ணீர் குறைவு என்பார்கள். பெரும்பாலும் அதுவே சரியான காரணமும்கூட. ஆனால் அப்பாவுக்கும் அத்தைக்கும் திரும்பத் திரும்பக் கல். மகனுக்கோ நைட் ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு வரும்போது வியர்த்துக்கொட்டி, பேச்சு குழறி, சர்க்கரை போட்ட டீ உள்ளே போனதும் தெளிந்துவிடுகிறது என்றால், தண்ணீர் மீதே பழியைப் போட முடியாது. கழுத்தில் கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் வயிற்றில் கணையமும் ஒரே மரபணுப் பிழையால் கெட்டிருக்கலாம். சுரங்கத் தூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ரத்த வழி வருவது.

கணையத்தில் கட்டி என்று கேட்டதும் குடும்பமே ஒடிந்துபோகும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாம் பயப்படுகிற கணையப் புற்று, செரிமான நீர் ஓடும் குழாய்களோடு சேர்ந்தது. இன்சுலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் செல்களில் வருவது நியூரோஎண்டோகிரைன் கட்டி. இது அரிதானது, பெரும்பாலும் மெதுவாக வளர்வது. 2003-இல் ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கண்டுபிடித்தது இதைத்தான். அவர் 2011 வரை இருந்தார்.

இன்சுலினை அளவில்லாமல் கொட்டும் கட்டிக்கு இன்சுலினோமா என்று பெயர். பத்தில் ஒன்பது இன்சுலினோமா புற்றாக இருப்பதில்லை. வெட்டி எடுத்தால் தீர்ந்தது. கண்டுபிடிப்பதுதான் பாடு. வலிப்பு என்றும் மனநோய் என்றும் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு. உறுதிப்படுத்த, மருத்துவமனையில் சேர்த்து 72 மணி நேரம் வரை பட்டினி போடுவார்கள். கையில் ஊசி வழி தயாராக இருக்கும். தண்ணீர் குடிக்கலாம், வராண்டாவில் நடக்கலாம். இடையிடையே ரத்தம் எடுப்பார்கள்; 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். கணக்குத் தடுமாறும் நேரத்தில் சர்க்கரை 55-க்குக் கீழே இறங்கியிருந்தும் இன்சுலின் அடங்காமல் இருந்தால், விஷயம் பிடிபட்டது. கூடவே சி-பெப்டைடும் பார்ப்பார்கள். அதுவும் உயர்ந்திருந்தால், இன்சுலின் வெளியிலிருந்து ஊசியில் ஏறியதல்ல, உள்ளேயே ஊறியது.

இப்போது பரம்பரைக்கு வருவோம். 11-ஆவது குரோமோசோமில் மென்-1 என்றொரு மரபணு. 1997-இல் அதைப் பிரித்தறிந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் செட்டரா சந்திரசேகரப்பா. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பணிபுரிந்த விஞ்ஞானி. இந்த மரபணு தயாரிக்கும் மெனின் என்ற புரதம், செல் பெருகுவதற்குப் பிரேக் மாதிரி. பெற்றோர் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி வந்து, நல்ல பிரதியும் ஏதோ ஒரு செல்லில் பின்னாளில் கெட்டால், அங்கே கட்டி முளைக்கும். பழுது பிள்ளைக்குப் போக வாய்ப்பு 50 சதவீதம். இப்படிப்பட்ட குடும்பங்களில் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் பாராதைராய்டு, அதனால்தான் கல். பரம்பரைக் கதை ஏதும் இல்லாதவர்களின் கணையக் கட்டியிலும் இதே மரபணு அடிக்கடி கெட்டிருக்கிறது: 2011-இல் 68 கட்டிகளைப் படித்த ஆய்வில் 44 சதவீதத்தில். தற்செயலாக வந்ததாகத் தோன்றியவர்களிலும் சுமார் 17 சதவீதம் பேர் ஏதோ ஒரு மரபணுப் பழுதோடு பிறந்தவர்கள் என்று 2017-இல் இன்னொரு ஆய்வு சொன்னது.

எல்லாக் கட்டியையும் வெட்டத் தேவையில்லை. மென்-1 குடும்பத்தவரிடம் ஹார்மோன் சுரக்காத, 2 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டியை ஸ்கேனில் கண்காணித்தே வரலாம். பரவியிருந்தால் ஆக்ட்ரியோடைட் வகை ஊசி, எவரோலிமஸ் மாத்திரை, கதிரியக்க லுட்டீஷியம்-177 என்று வழிகள் உண்டு. மும்பை டிராம்பேயில் துருவா அணு உலையில் தயாராகும் லுட்டீஷியம் 6.65 நாளில் பாதியாகிவிடும். ஆகவே நோயாளியின் தேதிக்கேற்பவே அனுப்ப வேண்டும். நெய்வேலிக்காரர் இதற்கு வேலூர் சி.எம்.சி. வரை போகலாம்.

ஆனால் அவ்வளவு தூரம் போகுமுன்பே, ஊரிலேயே நோயைப் பிடிக்கலாம் என்பது என் கட்சி. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஊழியரும் குடும்பமும் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் பொது மருத்துவமனைக்கே போகிறார்கள். அப்பாவின் கல்லும் மகனின் மயக்கமும் ஒரே கூரையின் கீழ் பதிவாகிற ஊர்கள் நம்மிடம் அதிகம் இல்லை. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இருவருக்கும் கால்சியம் பரிசோதனை எழுதிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். கால்சியம் உயர்ந்திருந்தால் பாராதைராய்டு ஹார்மோன், அதன்பின் மரபணுச் சோதனை. ஒருவரிடம் பழுது எதுவென்று தெரிந்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒரு இடத்தைத் தேடினால் போதும். பழுது இருக்கும் பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை. இல்லாத பிள்ளைக்கு இந்த நோய்க்காக இனி ஒரு ஊசிகூட வேண்டாம்.