மார்ஃபினுக்கு ஏன் இத்தனை கணக்கு?

பகல் இரண்டு மணி. மருத்துவமனை வார்டு ஒன்றில் காலை டூட்டி முடிந்துவிட்டது. மாலை டூட்டிக்கு உரிய நர்ஸ் வந்துவிட்டார். ஆனாலும் காலை நர்ஸ் உடனே வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. இருவரும் சுவரில் பொருத்திய சிறிய அலமாரியின் முன் போய் நிற்கிறார்கள். அதைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு. அதற்கு வேறு பூட்டு. அதற்குள் இருக்கும் சிறிய கண்ணாடிக் குப்பிகளை மாலை நர்ஸ் ஒவ்வொன்றாக எண்ணுகிறார். "பதினெட்டு" என்கிறார். காலை நர்ஸ் பதிவேட்டைத் திறந்து காட்டுகிறார். அங்கேயும் 18. இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். சாவி கை மாறுகிறது.

அதே வார்டில் காய்ச்சல் மாத்திரைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை யாரும் இப்படி டூட்டிக்கு டூட்டி எண்ணுவதில்லை. இந்தக் குப்பிகளுக்கு மட்டும் ஏன் இத்தனை காவல்?

இரு முகம் கொண்ட மருந்து

அந்தக் குப்பிகளில் இருப்பது மார்ஃபின். உங்கள் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது உலர்ந்தால் அபின். அபினிலிருந்து மார்ஃபினைத் தனியாகப் பிரித்தெடுத்தவர் செர்டுர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர். காலம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கனவுகளின் கிரேக்கத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரை அதற்குச் சூட்டினார்.

நம் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புச் செல்களின் மேல் சில ஏற்பிகள் உண்டு. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் மார்ஃபின் அவற்றில் போய்ப் பொருந்துகிறது. வலிச் செய்தி மேலே செல்வது குறைகிறது. புற்றுநோயின் கடும் வலிக்கும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் வலிக்கும் இது அருமருந்து.

ஆனால் சுவாசத்தை நடத்தும் மூளைப் பகுதியிலும் இதே ஏற்பிகள் உள்ளன. அளவு மீறினால் மூச்சு மெதுவாகி, நின்றே போகலாம். மருத்துவத் தேவையின்றிப் பழகியவர்களை அது அடிமையாக்கியும் விடும். ஆகவே ஒரு குப்பி காணாமல் போனால் அது வெறும் பொருள் நஷ்டம் அன்று. யாரோ ஒருவருடைய உயிருக்கு ஆபத்து. வேறு யாரோ ஒருவருடைய வலி தீராமல் கிடக்கிறது என்றும் பொருள்.

ஒரு சிறு சமன்பாடு

எண்ணிப் பார்க்கும் முறையின் அடிப்படை நீங்கள் அறிந்த கூட்டல் கழித்தல்தான்.

முன்னிருப்பு + வரவு − செலவு = இருப்பு

காலையில் அலமாரியில் 14 குப்பிகள் இருந்தன. மருந்தகத்திலிருந்து 10 வந்தன. நோயாளிகளுக்கு 5 கொடுக்கப்பட்டன. ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. அப்படியானால் 14 + 10 − 5 − 1 = 18 இருக்க வேண்டும். உடைந்ததையும் ஒரு சாட்சியின் கையெழுத்தோடு எழுதியாக வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு குப்பியில் 15 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. நோயாளிக்கு மருத்துவர் எழுதியதோ 10 மில்லிகிராம். மீதி 5 மில்லிகிராம் என்ன ஆயிற்று? குப்பிக் கணக்கு மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வியே எழாது. ஆகவே மீதியை இன்னொருவர் கண்ணெதிரே அழித்து, 'கொடுத்தது 10, அழித்தது 5' என்று எழுதி, இருவரும் கையெழுத்திடுகிறார்கள்.

பதிவேட்டில் மையால்தான் எழுத வேண்டும். பிழை நேர்ந்தால் அழிக்கக் கூடாது. படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். அழிக்காத பிழை, என்ன நடந்தது என்பதைப் பின்னால் வருபவருக்குச் சொல்லும்.

மாதம் ஒருமுறை எண்ணினால் போதாதா?

நியாயமான கேள்வி. ஒரு நாளைக்கு மூன்று டூட்டி. 30 நாளைக்கு 90 டூட்டி. மாதக் கடைசியில் எண்ணும்போது ஒரு குப்பி குறைகிறது என்று வையுங்கள். அது அந்த 90-இல் எதில் குறைந்தது? அலமாரிச் சாவியை வாங்கிய அத்தனை பேர் மேலும் சந்தேகம் விழும். மூன்று வாரத்துக்கு முன் நடந்தது யாருக்கு நினைவிருக்கும்? டூட்டிக்கு டூட்டி எண்ணினால் தேட வேண்டிய இடம் ஒரே ஒரு டூட்டி. கூட்டலில் பிழையா, ஊசி போட்டுவிட்டு எழுத மறந்தார்களா, நோயாளியின் மருந்துத் தாள் என்ன சொல்கிறது என்று உடனே பார்த்துவிடலாம். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

இன்னும் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு நாள் ஒருவர் கொடுத்த ஊசியை எழுத மறந்தார். மறுநாள் வேறொருவர் ஒரே ஊசியை இருமுறை எழுதிவிட்டார். மாதக் கடைசியில் கணக்கு அழகாகச் சரியாக வரும்! இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. அன்றன்றே எண்ணியிருந்தால் இரண்டும் பிடிபட்டிருக்கும்.

எண்ணுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் பதிவேட்டைப் பார்த்துவிட்டு எண்ணினால், எதிர்பார்த்த எண்ணையே நம் கண் கண்டுவிடும். அதனால்தான் நம் மாலை நர்ஸ் முதலில் எண்ணிச் சொன்னார். பிறகுதான் பதிவேடு திறக்கப்பட்டது. கடவுச்சொல்லும் கைரேகையும் கேட்டுத் திறக்கும் கணினி அலமாரிகள் சில மருத்துவமனைகளில் வந்துவிட்டன. அவற்றிலும், இருப்பு எவ்வளவு என்று திரையில் காட்டாமல், எண்ணிச் சொல்லும்படி கேட்கும் ஏற்பாடு உண்டு.

எண்ணிக்கை சரி, மருந்து எங்கே?

எண்ணிக்கை மட்டும் போதுமா? 2012-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பலருக்கு ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் நோய் தொற்றியது தெரியவந்தது. விசாரித்தபோது திடுக்கிடும் உண்மை வெளிப்பட்டது. அங்கு வேலை பார்த்த தொழில்நுட்ப ஊழியர் ஒருவர், மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் மருந்து நிரப்பிய சிரிஞ்சுகளைத் திருடித் தமக்கே போட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு அதே சிரிஞ்சில் உப்பு நீரை நிரப்பி வைத்துவிட்டார். அவர் இரத்தத்தில் இருந்த வைரஸ் அந்த மாநிலத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குப் பரவியது. 2013-இல் அவருக்கு 39 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சிரிஞ்சுகளை எண்ணியிருந்தால் கணக்கு சரியாகவே இருந்திருக்கும். ஆகவே எண்ணும்போது முத்திரை உடையாமல் இருக்கிறதா, குப்பியின் கழுத்து முழுதாக இருக்கிறதா, தொகுதி எண் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். மருந்து நிரப்பிய சிரிஞ்சைக் கவனிப்பாரற்று விட்டுப் போகக் கூடாது. 'ஊசி போட்டும் வலி குறையவில்லை' என்று நோயாளிகள் அடிக்கடி சொன்னால், அதுவும் கணக்கில் சேர வேண்டிய ஒரு தகவல்தான்.

பூட்டு மட்டும் போட்டால்?

"இவ்வளவு தொல்லை எதற்கு? இந்த மருந்தே வேண்டாமே" என்று தோன்றுகிறதா? நம் நாடு அந்த வழியையும் ஏறக்குறைய அனுபவித்துப் பார்த்துவிட்டது. 1985-இல் போதைப் பொருள்களுக்கு எதிராகக் கடுமையான சட்டம் வந்தது. கடத்தலைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்ததாலும், சிறு பிழைக்கும் தண்டனை வருமோ என்ற அச்சத்தாலும் மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கவே தயங்கின. மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபினின் அளவு வெகுவாகக் குறைந்தது. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபின் செடி பயிராகும் நாடு இது! புற்றுநோயாளிகள் வலியால் துடித்தார்கள்.

2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2015-இல் மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று அறிவிக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அவற்றை வாங்கி வைப்பது எளிதாயிற்று. அதற்கு ஈடாகச் சட்டம் கேட்பவற்றில் முக்கியமானது, வரவு, செலவு, இருப்பு என்ற சரியான கணக்கு.

இனி அந்த இரண்டு நர்சுகளையும் நினைத்துப் பாருங்கள். ஒருவரை ஒருவர் சந்தேகித்தா எண்ணுகிறார்கள்? இல்லை. இருவர் கையெழுத்தும் இருவரையுமே காக்கிறது. கணக்கு சரியாக இருக்கும்வரை அந்த அலமாரியில் மருந்து இருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளி வலி தாங்காமல் கூப்பிட்டாலும், எடுத்துக் கொடுக்க ஒரு குப்பி இருக்கும்.