இரண்டு மருந்து, ஒரு மாத்திரை

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சர்க்கரை நோய் வந்த வீட்டில் இந்தப் பழமொழி பாதிதான் செல்லும். விருந்து மூன்று நாளில் போய்விடும். மருந்து ஆயுள் முழுவதும் கூடவே இருக்கும். கூடவே இருப்பதால் அதைப் பற்றி யோசிப்பதையும் நாம் விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன். அதற்கு என் தாயார் கொடுக்க இருந்த விலையைச் சொல்லி, நம் சங்கத்துக் குடும்பங்களை எச்சரிக்கவே இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன், மருந்தாளுநன். இந்த நகரத்தில் மருந்துக் கடையில் நின்று இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. பிறந்து வளர்ந்தது இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம். பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னால் மலையேறி வந்தவர். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் கேரளத்தோடு சேர்ந்தது. லயங்களில் பேச்சு மட்டும் தமிழாகவே நின்றுவிட்டது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தம்பி இன்னும் தோட்ட வேலையில் இருப்பதால் அந்த லயத்து வீடும் இன்னும் எங்களுக்கு இருக்கிறது.

பனியில் வியர்த்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம். தேவிகுளத்தில் அப்போது விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துக் கிடக்கும். அம்மா வெள்ளிக்கிழமை விரதம் என்று காலையில் வெறும் கட்டன் சாயா மட்டும் குடித்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெளியே விறகு எடுக்கப் போயிருக்கிறார். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்தபோது திண்ணையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை ஊற்றியிருக்கிறது. கை நடுங்கியது, கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாமல் பதில் சொன்னார்.

அக்கா படித்தவர் இல்லை. ஆனால் அவர் கணவருக்கும் சர்க்கரை உண்டு. சூடான சாயாவில் நிறையச் சீனி போட்டுக் கலக்கி, ஆற்றி, மெதுவாகக் குடிக்க வைத்தார். பத்து, பதினைந்து நிமிடத்தில் அம்மா தெளிந்தார். தம்பி ஓடிவந்து கருவியில் பார்த்தபோது சர்க்கரை அளவு 58. சாயா குடிப்பதற்கு முன் எவ்வளவு இருந்ததோ! ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மறுபடி மயக்கம் கண்டது. ஒரு நாள் முழுக்கக் குளுக்கோஸ் ஏற்றி வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

தொலைபேசியில் விசாரித்தேன். அம்மா சொன்னார்: "ஊரு டாக்டர் குடுத்த மாத்திரை ஒண்ணு, நீ வாங்கியாந்த மாத்திரை ஒண்ணு. ரெண்டையும் விடாமத்தான் சாப்பிட்டேன்யா. நீ ஆசையா வாங்கியாந்தத எப்படி வீணாக்குறது?"

எனக்குத் தலை சுற்றியது. இரண்டும் ஒரே மருந்துதான்! கம்பெனி வேறு, பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இருந்தது இரண்டிலும் கிளிமெப்பிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. "இது பழையதுக்குப் பதில்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தவன் நான். ஊரில் எல்லோருக்கும் மருந்து விளக்கம் சொல்கிறவன், பெற்ற தாய்க்குச் சொல்லவில்லை.

உள்ளே இருப்பது என்ன?

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு நம் நாட்டில் மிக அதிகமாக எழுதித் தரப்படும் கூட்டு மாத்திரைகளில் இதுவும் ஒன்று. இரண்டு மருந்துக்கும் குணம் வேறு வேறு.

மெட்ஃபார்மின், கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்தில் விடுவதைக் குறைக்கும். உடலில் உள்ள இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும். பிரான்சில் ழான் ஸ்டேர்ன் என்ற மருத்துவர் 1957-இல் இதை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். இது தனியாக இருந்தால் சர்க்கரையை அபாயமாகக் கீழே இறக்குவது அபூர்வம்.

கிளிமெப்பிரைடு அப்படி அல்ல. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, இல்லையா என்று அது பார்ப்பதில்லை. சோறு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். இந்த இனத்து மருந்தின் பிறப்பே இதற்குச் சாட்சி. 1942-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டு காய்ச்சலுக்காக ஒரு சல்பா மருந்தைக் கொடுத்தபோது, நோயாளிகளுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோனதை மார்செல் ழான்போன் என்ற மருத்துவர் கவனித்தார். அங்கிருந்துதான் இந்தக் குடும்பம் வளர்ந்தது.

இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைப்பதால் எண்ணிக்கை குறையும், மறதி குறையும். ஆனால் ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். ஒன்றை இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும். இதை மனத்தில் வைத்தால் கீழே சொல்லப்போவது எல்லாம் தானே புரியும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரையும் மி.கி. அளவையும் பாருங்கள். பெயரின் பின்னால் 1, 2, ஃபோர்ட் என்று வருவதெல்லாம் அளவு மாறுகிறது என்பதற்கு அடையாளம். புதிய அட்டை வந்தால் பழையதை எடுத்துத் தனியே வையுங்கள்.

2. கிளிமெப்பிரைடு உள்ள மாத்திரையை, நாளின் முதல் முக்கியமான சாப்பாட்டை ஒட்டிப் போட வேண்டும். இலையில் இட்லி விழுந்த பிறகு மாத்திரையை எடுப்பது நல்ல வழக்கம். விரதமோ நோன்போ இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். அன்றைக்கு அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார். கடவுளும் கோபிக்க மாட்டார்.

3. ஒரு வேளை மறந்தால், அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

4. மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. மாத்திரையின் கூடு மலத்தில் வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து கரைந்துவிட்டது. ஆரம்பத்தில் வயிற்றுப் பொருமல், பேதி வரலாம். சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

5. ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற கணக்கு 45-க்குக் கீழே வந்தால் மெட்ஃபார்மின் அளவை மருத்துவர் மறுபடி யோசிப்பார். 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 சத்தும் குறையலாம். கால் மரத்துப்போவதை எல்லாம் சர்க்கரையின் தலையில் போடாமல், இதையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

6. வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளில் வழக்கம்போல் மாத்திரையை விழுங்காமல், அன்றே மருத்துவரைக் கேளுங்கள். சாய மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்கு முன்பும் மெட்ஃபார்மின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். மதுப்பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம். இரண்டு மருந்துக்குமே அது பகை.

7. பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃபுளூகோனசோல், சில ஆன்டிபயாடிக்குகள் ஆகியவை கிளிமெப்பிரைடின் வேகத்தைக் கூட்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். பாகற்காய்ச் சாறு, சூரணம் எது சாப்பிட்டாலும் அதையும் சொல்லுங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், தடுமாறும் பேச்சு: இவை அடையாளங்கள். 70-க்குக் கீழ் என்றால் தாழ்வு. கருவி இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சீனியையோ குளுக்கோஸ் பொடியையோ நீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள்; ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். தெளிந்தபின் சாப்பாடு கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிலர் சாப்பிடும் மூன்று மருந்துக் கூட்டில் வோக்லிபோஸ் என்பதும் இருக்கும். அது சாதாரணச் சீனியைக் குடலில் சட்டென்று உடைய விடாது. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் கைகொடுக்கும். வீட்டில் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.

இன்னொன்று. அம்மாவுக்கு ஜீப்பில் மறுபடி தாழ்ந்ததே, அது தற்செயல் அல்ல. கிளிமெப்பிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்யக் கூடியது. முதியவர்கள் ஒரு முறை தெளிந்துவிட்டார்கள் என்று வீட்டிலேயே விட்டுவிடக் கூடாது.

நமக்கு எதற்கு இது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. பெரியவர்களில் நாடு முழுவதற்கும் 11.4 விழுக்காடு, கேரளத்தில் 25.5 விழுக்காடு. நம்மில் அநேகர் வீட்டில் ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது. அதுவும் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு ஒரு தனிச் சங்கடம். அட்டையில் ஆங்கிலம், கடையில் மலையாளம் அல்லது இந்தி, சாப்பிடுகிறவருக்குத் தெரிந்தது தமிழ். மூன்று மொழிக்கு நடுவே மாத்திரை அகப்பட்டுக்கொள்கிறது.

வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கால் சொன்னார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவர். நம் பெற்றோர் பலருக்கு நாலாவது கால் தொலைதூரத்தில் இருக்கிறது. அது நாம்தான்.

இப்போது அம்மாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரே ஒரு சர்க்கரை மாத்திரை அட்டைதான். பாட்டில்மேல் தமிழில் தாள் ஒட்டியிருக்கிறேன்: மருந்தின் பெயர், அளவு, "இட்லிக்கு முன்னால், பட்டினி என்றால் கேட்டுவிட்டு." ஞாயிறுதோறும் தொலைபேசியில் அதை அவர் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. "நீ என்னைய பள்ளிக்கூடத்துல சேத்துட்டியேய்யா" என்று அலுத்துக்கொள்வார். ஆனாலும் படிப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஊருக்குப் பேசும்போது, "சாப்பிட்டீர்களா" என்று கேட்ட கையோடு, "மாத்திரை டப்பாவை எடுத்து வந்து படியுங்கள்" என்றும் கேளுங்கள்.