தகரக் கூரைக்கு எந்த மைக்?

அஞ்செட்டியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஒலிப்பதிவுக் கூடம். மேலே தகரக் கூரை, வெளியே தேன்கனிக்கோட்டை பஸ்ஸின் ஹாரன். ரெக்கார்டிங் ஆசையோடு வரும் பையன்கள் எல்லோரும் கேட்பது கண்டென்சர் மைக் பற்றித்தான். 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் அது மூச்சுச் சத்தத்தைக்கூடப் பிடிக்கும். பஸ் ஹாரனையும் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்தே பிடிக்கும். இப்படிப்பட்ட அறைக்கு ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்தான் என் கட்சி. வாயருகே வைத்துப் பாடினால் குரல் முன்னே நிற்கும், மற்றதெல்லாம் அடங்கிப் போகும். பம்பை அடித்தாலும் தாங்கும்.

அடுத்து ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கின் சிக்னலைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றுவது அதன் வேலை. ஒரே ஆள் பாடி வாசிக்க இரண்டு இன்புட் போதும். 24 பிட்டில் பதியுங்கள். அளவைத் தாழ்வாக வைத்தாலும் இரைச்சல் தெரியாது. உச்சத்தில் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டவிடாதீர்கள். சிவப்பு விளக்கு எரிந்து குரல் உடைந்தால் பிறகு சரிசெய்வது கஷ்டம்.

மென்பொருளுக்கு முதலில் காசு கொட்ட வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். பல டிராக் வேலைக்கு ரீப்பர். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்து வீட்டு வளாகத்தில் ஸ்டூடியோ அமைத்தபோது இந்த வசதியெல்லாம் ஏது?

மிச்சப் பணத்தில் காதை மூடும் ஹெட்ஃபோன் வாங்குங்கள். சுவரில் கம்பளி தொங்கவிடுங்கள், எதிரொலி குறையும். மழை வந்தால் மட்டும் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுங்கள். தகரத்துக்கு எந்த மென்பொருளும் இல்லை.