இரண்டு காலையும் அளந்து பாருங்கள்!

பேட்மின்டனில் மட்டை பிடிக்கும் பக்கத்துக் காலைத்தான் பெரும்பாலும் முன்வைத்துப் பாய்கிறார்கள். உயரம் தாண்டுபவர் எப்போதும் ஒரே காலால்தான் உந்தி எழும்புகிறார். இப்படி ஆண்டுக்கணக்கில் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு கால் உரமேறி, மற்றது பின்தங்கலாம். பழைய காயமும் இதற்குக் காரணமாகலாம். சிறு வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு. அது 10, 15 சதவீதத்தைத் தாண்டினால் அலட்சியம் கூடாது.

என்ன ஆபத்து?

தாவி இறங்கும்போதும் ஓட்டத்தில் சட்டெனத் திரும்பும்போதும் உடல் எடை ஒற்றைக் காலில் விழுகிறது. அந்தக் காலில் வலுவில்லை என்றால் முட்டி உள்பக்கம் மடங்கி ஜவ்வு கிழியலாம், கணுக்கால் பிசகலாம். மளமளவென்று உயரம் கூடும் வயதில் சமநிலை தடுமாறுவது சகஜம் என்பதால் கூடுதல் கவனம் தேவை. முட்டி ஜவ்வு கிழிவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சாக்பீஸ் கோடும் அளவு டேப்பும் போதும். உடலைச் சூடேற்றிய பின், ஒற்றைக் காலால் முன்னே தாவி அதே காலில் தடுமாறாமல் இறங்கி நிற்க வேண்டும். வலது காலில் 120 செ.மீ., இடது காலில் 100 செ.மீ. என்றால் இடது கால் எட்டியது 83 சதவீதம்தான். 90க்குக் கீழே போனால் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். தூரம் சமமாக இருந்தும் தொடை வலு குறைந்திருக்கலாம்; எனவே இது முதல்கட்டச் சோதனை மட்டுமே. வலியோ வீக்கமோ இருந்தால் தாவ விடாதீர்கள்.

தீர்வு

ஒற்றைக் காலில் நிற்பது, படி ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவது ஆகியவற்றை வாரம் இரண்டு மூன்று நாள், தளர்ந்த காலில் தொடங்கிச் செய்ய வேண்டும். கால்பந்து வீரர்களுக்காக ஃபிஃபா வகுத்த '11+' பயிற்சிக்குச் சுமார் 20 நிமிடம் போதும். முறையாகச் செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்துள்ளன.

உங்கள் உரிமை

இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, உடல்நலத்தையும் ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளைகளின் உரிமை என்கிறது. வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை ஆடச் சொல்லப் பயிற்சியாளருக்கும் உரிமையில்லை, பெற்றோருக்கும் இல்லை. ஜவ்வு அறுவைச் சிகிச்சைக்குப் பின் குறைந்தது 9 மாதமாவது ஆகி, வலுச் சோதனையிலும் தேறிய பிறகே களமிறங்க வேண்டும். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறை. அவற்றை வாங்கி, இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள்.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன், இரண்டு காலையும் அளந்தாயிற்றா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள்.